நாற்பத்தொரு முறை ‘இல்லை’

கோர்னா ரேகா,
நவம்பர் 4

அன்புள்ள நெவெனாவுக்கு,

வெலிகா எழுதுகிறேன். நானும் என் வீட்டுக்காரர் பெய்கோவும் சுகம், கோழிகளும் சுகம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்பதை மட்டும் பொய் சொல்லாமல் எழுது.

நீ அனுப்பிய ஆய்விதழ் நேற்று வந்தது. ஆங்கிலம் எனக்கு எங்கே தெரியும்? பள்ளிக்கூடத்து டீச்சர் தின்காவை வீட்டுக்கு இழுத்துவந்து வாசிக்கச் சொன்னேன். உன் பெயர் முதலில், கொட்டை எழுத்தில்! கடைசிப் பக்கத்தின் அடியில், ரத்த அழுத்தம் அளந்து உதவிய நர்ஸ் வெலிகாவுக்கு நன்றி என்று ஒரு வரி. பெய்கோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைத் தேடிப் பார்த்துவிட்டு, “ஏழு வாரம் வீடு வீடா அலைஞ்சதுக்கு எறும்பு சைஸுல ஒரு வரியா? உன் தோழி ரொம்ப தாராளம்டி” என்றார். வாயை மூடிக்கொண்டு காபியைக் குடியுங்கள் என்றேன். ஆனால் அந்தப் பக்கத்தை அவர்தான் வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

ஆக, இணைப் பேராசிரியர் நெவெனா! மூன்று வருடமாக உன்னைத் தள்ளி வைத்தார்களே. உன்னிடம் பாடம் படித்தவன் பன்னிரண்டு கட்டுரையைக் காட்டிவிட்டு உன் தலைக்கு மேலே போய் உட்கார்ந்தானே. இந்த வருடத்துக்குள் இன்னொரு கட்டுரை வராவிட்டால் வேலையே போய்விடும் என்று போன மார்ச்சில் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாயே, அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இனிமேல் அப்படி அழ வேண்டாம். அதற்காகவே தேவாலயத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்துகிறது. நீ முதலில் எழுதிக் காட்டிய தலைப்பில் நம் ஊர்ப் பெயர் இருந்தது, நாற்பத்தொரு பெண்கள் என்று இருந்தது, ஏழு வாரம் என்று இருந்தது. அச்சில் ஒன்றும் இல்லை. தினமும் ஒரு மணி நேரம் நடக்கும் முதியவர்களுக்கு ரத்த அழுத்த மாத்திரை பாதி போதும் என்று மட்டும் இருப்பதாக தின்கா சொன்னாள். ஊர்ப் பெயரைப் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று பத்திரிகைக்காரர்கள் வெட்டச் சொன்னதாக நீ போனில் சொன்னாய். சரி, பெரிய இடத்து வழக்கம் எனக்கென்ன தெரியும். அந்த நாற்பத்தொரு பேரில் ஒருத்தியான தோனா அத்தைக்குத்தான் வருத்தம். தன் பெயர் இல்லாவிட்டாலும் ஊர்ப் பெயராவது வரும் என்று இருந்தாள்.

இன்னொரு சேதி. முந்தாநாளிலிருந்து பெய்கோவுக்கும் அரை மாத்திரைதான். முழு மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது என்று எத்தனை வருடமாக என் உயிரை வாங்கினார். காட்டில் தினம் இரண்டு மணி நேரம் நடக்கிற மனிதர், அறுபத்து மூன்று வயது, உன் கட்டுரைக்கென்றே அளவெடுத்துச் செய்த ஆள். நீ இங்கே இருந்தபோது நாம் பீன்ஸ் சூப் குடிக்க, நோன்பு நாள் என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லாமல் எதிரே உட்கார்ந்து பன்றித் தொத்திறைச்சியைச் சீவிச் சீவித் தின்றாரே, நினைவிருக்கிறதா? “டாக்டரம்மா, நீங்க அளக்கிறது புல்லு திங்கிற ஆட்டை. அத வச்சு ஓநாய்க்கு மருந்து எழுதிப்புடாதீங்க” என்றாரே. உனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. முந்தாநாள் மாத்திரையை உடைத்துக் கொடுத்தபோது, “அப்போ ஓநாய்க்கும் அதே மருந்துதானா?” என்று கேட்டுவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு வா. பன்றி வளர்ந்து நிற்கிறது.

உன் வெலிகா


கோர்னா ரேகா,
ஜனவரி 24

நெவெனா,

பெய்கோ விழுந்துவிட்டார். தின்கா போனில் சொல்லியிருப்பாள். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

ஆறாம் தேதி, பாதிரியார் ஆற்றில் சிலுவையை எறியும் நாள். அதை எடுக்க இளவட்டங்கள் பனித் தண்ணீரில் குதித்தார்கள். இவர் கரையில் நின்றுகொண்டு, “டேய், உங்க அப்பன்கிட்டருந்து நாலு தடவ புடுங்கினவன்டா நான், அங்கிட்டு தேடு!” என்று கத்திக்கொண்டிருந்தார். பாதியில் குரல் நின்றது. திரும்பிப் பார்த்தால் பனியில் கிடக்கிறார். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. நேற்றுத்தான் மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அங்கே டாக்டர் மாத்திரை அளவைக் கேட்டார். அரை என்றேன். “யாரு குறைச்சது?” என்றார். நான்தான் என்றேன். முப்பத்தைந்து வருட நர்ஸ், என் கையால் உடைத்தேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. உன் கட்டுரையை அவரும் படித்திருக்கிறாராம், டிசம்பரிலிருந்து அவரிடம் வரும் வயதானவர்களுக்கெல்லாம் அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறாராம். நம் ஆய்வு முடிந்து முழு மாத்திரைக்குத் திரும்பியிருந்த தோனா அத்தைக்கும் மற்றவர்களுக்கும்கூட அவர்தான் மறுபடி குறைத்தது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதியதைப் போலத்தான் செய்தேன், எங்கே பிசகியது என்றுதான் புரியவில்லை. நீ கணக்குத் தெரிந்தவள். இன்னொரு முறை அந்த எண்களைப் பார்த்துச் சொல். அவருக்கு மருந்து கொடுக்கும் நேரம், இத்துடன் நிறுத்துகிறேன்.

வெலிகா


கோர்னா ரேகா,
மன்னிப்பு ஞாயிறு

அன்புள்ள நெவெனாவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயாவது நலமாக இரு.

உன் பதில் வந்தது. ஆறே வரி. வருத்தப்பட்டிருந்தாய், பழங்கள் அனுப்பியிருந்தாய், நன்றி. ஒரே ஒரு நோயாளியை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்றும் எழுதியிருந்தாய். நீ சொல்வது நியாயம்தான். ஒரு மனுஷனை வைத்து முடிவு கட்டக் கூடாது. அப்படியென்றால் ஒரு ஊரை வைத்து உலகத்துக்கே முடிவு கட்டினோமே, அது மட்டும் எப்படி என்று உன்னைக் கேட்கத் தோன்றியது. அன்றே எழுதியிருந்தால் வாயில் வந்ததையெல்லாம் எழுதியிருப்பேன். நல்லவேளை, எழுதவில்லை.

போன செவ்வாய்க்கிழமை தோனா அத்தை தலைசுற்றல் என்று வந்தாள். அளந்தால் நூற்று எழுபத்தெட்டு. பட்டையைக் கழற்றி மறுபடி அளந்தேன், அதேதான். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். “என்னத்தடி, சீஸும் ரொட்டியும்தான். வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் ஏழு வாரம் அதக் கண்ணால பாக்க முடியாதே. இப்பவே தின்னு வச்சுக்கிறேன்” என்றாள். ஒரு ஜாடி காலி செய்திருக்கிறாள். உப்புத் தண்ணீரில் ஊறிய நம் ஊர் சீஸ்!

அப்போதுதான் எனக்கு உறைத்தது நெவெனா. நாம் அளந்தது எந்த ஏழு வாரம்? அரசாங்கத்துக்கு மே மாதம் அறிக்கை கொடுக்க வேண்டும், மார்ச்சை விட்டால் நேரமில்லை என்று நீ ஓடி வந்த ஏழு வாரம். நோன்பு தொடங்கிய திங்கட்கிழமை முதல் பெண்ணை அளந்தோம், ஈஸ்டருக்கு முந்தின நாள் கடைசிப் பெண்ணை அளந்தோம். நாற்பத்தொரு பேரில் ஒருத்திகூட சீஸ் தொடவில்லை, இறைச்சி தொடவில்லை, முட்டை தொடவில்லை. பீன்ஸ், முட்டைக்கோஸ், வேகவைத்த உருளைக்கிழங்கு. அரை மாத்திரையிலும் அழுத்தம் ஏறாமல் இருந்ததற்கு நடைதான் காரணம் என்று எழுதினோம்.

உன் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. வழக்கமான உணவில் மாற்றம் உண்டா என்று. வீடு வீடாகப் போய் நான்தான் கேட்டேன். எல்லோரும் இல்லை என்றார்கள். நாற்பத்தொரு முறை ‘இல்லை’ என்று என் கையால் எழுதினேன். பொய் இல்லையடி. வருடா வருடம் அந்த ஏழு வாரமும் அப்படித்தான் சாப்பிடுவோம், பிறந்ததிலிருந்து. நோன்பு இருக்காமல் விட்டால்தான் எங்களுக்கு மாற்றம். நானும் அவர்களோடு நோன்பு இருந்தேன், எனக்கே தோன்றவில்லை. நகரத்தில் இருக்கும் உனக்கு எப்படித் தோன்றும்? நான் வைத்த பீன்ஸ் சூப்பைக் குடித்துவிட்டு, கிராமத்துச் சாப்பாடே தனி என்றாய்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் மறுபடி வீடு வீடாக ஏறி இறங்கினேன். முப்பத்தொன்பது பேரை அளந்தேன். இருவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இருபத்தொன்பது பேருக்கு எகிறி நிற்கிறது. எண்களை எழுதிய தாளை இதோடு வைத்திருக்கிறேன். இப்போது ஒரு நோயாளி இல்லை நெவெனா.

மாவட்ட டாக்டரிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். மனிதர் வெளுத்துப் போய்விட்டார். நம் ஊர்க்காரர்களுக்கெல்லாம் அன்றே முழு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நம் ஊருக்கு நான் இருக்கிறேன். அந்தக் கட்டுரை போன மற்ற ஊர்களுக்கு யார் இருக்கிறார்கள்? நோன்பு என்றால் என்னவென்றே தெரியாத ஊர்களில் எத்தனை பேர் இப்போது மாத்திரையை உடைத்துக்கொண்டிருக்கிறார்களோ.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். வெள்ளி இரவே தின்காவை வைத்து, கட்டுரையைத் திருத்தச் சொல்லிப் பத்திரிகைக்கு மின்னஞ்சல் எழுதினேன். மறுநாளே பதில் வந்தது. ஒரு நர்ஸ் சொல்வதை வைத்து ஒன்றும் செய்ய இயலாதாம், கட்டுரையாளரே கையெழுத்திட்டுக் கேட்டால் பரிசீலிப்பார்களாம். சந்தா கட்ட விருப்பமா என்று கீழே கேட்டிருந்தார்கள். தின்கா அதை எனக்கு வாசிக்காமல் மறைக்கப் பார்த்தாள்.

உன் கையெழுத்து என்ன விலைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா? அந்த நாற்காலியில் நீ உட்கார்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. திருப்பி எடுத்துக்கொண்டால் உன் பின்னால் சிரிப்பார்கள். அந்தப் பன்னிரண்டு கட்டுரைக்காரன் உன் முகத்துக்கு முன்னாலேயே சிரிப்பான். ஒருவேளை வேலையும் போகும். என் சமையலறையில் அழுதாயே, அந்த அழுகையை மறுபடி உனக்குக் கொடுக்கப் போவது நானேதான். ஐம்பது வருடத் தோழி நான். வேறு யாராவது இதை உன்னிடம் கேட்டிருந்தால் அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

முழுவதையும் கிழித்துப் போடச் சொல்லவில்லை. பொய்யாக நாம் எதையும் அளக்கவில்லை. வெட்டியதைத் திருப்பி வை, அவ்வளவுதான். கோர்னா ரேகாவில், பெருநோன்பில், நாற்பத்தொரு பெண்களிடம், ஏழு வாரம் மட்டும் பார்த்தது என்று வை. அதைப் படித்து யார் மாத்திரையை உடைப்பார்கள்? நான் உடைத்திருக்க மாட்டேன். நோன்பு என்ற வார்த்தையைப் பார்த்ததும் பெய்கோவின் தொத்திறைச்சி எனக்கு ஞாபகம் வந்திருக்கும்.

அவர் சொன்னார் நெவெனா. கேலியாகத்தான் சொன்னார், ஆனால் சொன்னார். நீ டாக்டர், நான் நர்ஸ், நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து சிரித்தோம். இப்போது அவரைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து நான் கரண்டியால் கஞ்சி ஊட்டுகிறேன். வலது ஓரத்தில் வழிகிறது. துடைக்கும்போது என்னையே பார்க்கிறார். என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் அவர் நினைப்பதைச் சொல்லாமல் இருந்த நாளே கிடையாது.

நாளை நோன்பு தொடங்குகிறது, இன்று என்ன நாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையிலிருந்து சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள். நானும் குளித்து, நல்ல உடை உடுத்தி, பெய்கோவின் கட்டில் அருகே மண்டியிட்டேன். அவருடைய நல்ல கையை எடுத்து முத்தமிட்டேன். “மன்னிச்சிருங்க, நான்தான் உடைச்சுக் குடுத்தேன்” என்றேன். கடவுள் மன்னிப்பார் என்று பதில் சொல்ல வேண்டும், இரண்டே சொல். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைக்க முயன்று பார்த்தார். வரவில்லை. போதும் போதும் என்று நான்தான் அவர் வாயைப் பொத்தினேன்.

நீ என்னைவிட எட்டு மாதம் மூத்தவள். அதனால் வழக்கப்படி உன்னிடமும் கேட்கிறேன். அந்த நாற்பத்தொரு ‘இல்லை’க்காக என்னை மன்னித்துவிடு நெவெனா.

இன்று இரண்டு பேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவரால் பதில் சொல்ல முடியாது. உன்னால் முடியும். அந்தப் பதிலை எனக்கு எழுத வேண்டாம், பத்திரிகைக்கு எழுது.

கடவுள் உன் கைக்குத் துணை இருக்கட்டும்.

என்றும் உன்
வெலிகா