உள்துணிக்குள் ஒரு வரி

அன்புள்ள என்று எழுத மனம் வரவில்லை, அண்ணா.

என் வலது விரல்கள் தையல் இயந்திரத்தில் நசுங்கியதும், "ஒத்தக் கைய வச்சுக்கிட்டு இவ என்னத்தத் தைப்பா?" என்று அப்பாவின் தையல் கடையிலிருந்து என்னை வெளியே அனுப்பினாய்.

இடது கையைப் பழக்கினேன். தினமும் அரைமணி நேரம் ஒரு துண்டுத் துணியில் 'அண்ணன் நாசமாய்ப் போகட்டும்' என்று நூலால் எழுதினேன். ஒன்பது வருடம். அந்த அரைமணி நேரம் எப்போது பிரார்த்தனையானது என்று தெரியவில்லை. கடவுள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அங்கேதான்.

இப்போது உனக்குக் கை நடுக்கமாம். உன் மகள் கல்யாணத்துக்கு நீ போட வேண்டிய கோட்டுக்கு அண்ணி துணி அனுப்பினார். தைத்துவிட்டேன். கோட்டின் உள்துணிக்குள் நூலால் எழுதிய ஒரு வரி இருக்கிறது. சாபமா, நன்றியா என்று பிரித்துப் பார். பிரித்தால், திரும்பத் தைக்க என் வாசலுக்குத்தான் வர வேண்டும்.

ஒத்தக் கைத் தங்கை