அந்தப் பெண் என்னிடம் சொன்னது

பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். முட்டிவலி குறைந்ததா? இங்கு அனைவரும் நலம்.

பிள்ளைகளின் மனக்கஷ்டத்தை நம் மகள் கேட்டு ஆலோசனை சொல்லும் அறைக்கு வெளியே, வருபவர்களை உட்காரவைப்பது என் வேலை. மெத்தப் படித்தவர்களும் அவளுக்காகக் காத்திருக்கிறார்கள்! போன வாரம் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி என்னிடம், "பாட்டி, அம்மா அழுவாங்கன்னுதான் அவங்ககிட்ட நான் எதையும் சொல்றதில்ல" என்றாள். மகளின் பாசம் தாய்க்குத் தெரியட்டுமே என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்த அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். இந்த வாரம் பெண் வரவில்லை.

"உன்னை நம்பித்தானேம்மா சொன்னா? இனி யார்கிட்ட வாய் திறப்பா?" என்றாள் நம் மகள்.

தாயிடம் சொன்னது தப்பா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கிறது.

என் பழைய கண்ணாடியை அனுப்புங்கள். கூடவே இரண்டு வரி எழுதுங்கள். வாசல் மணி அடிக்கிறது, முடிக்கிறேன்.

பி.கு.: நம் மகளும் அந்த வயதில் உங்களிடம் மட்டும் ஏதோ சொல்லி அழுதாள். நான் எவ்வளவு கேட்டும் நீங்கள் சொல்லவில்லை. இப்போதும் சொல்ல வேண்டாம்.