சனிக்கிழமை மத்தியானம் வரை

விட்பி, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஆம்புரோஸுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் நலம், ஒருவரைத் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன். மெல்போர்ன் வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே.

உன் தங்கை லவினியாவுக்கும் சைலஸுக்கும் நிச்சயமாகி நாலு வருஷம் ஓடிவிட்டது. முதலில் தேதி குறித்தோம், உன் அப்பா போனார். அடுத்துக் குறித்தோம், சைலஸின் அம்மா போனாள். அப்புறம் அவன் அத்தை. துக்கம் முடியாமல் கல்யாணமா, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று ஒவ்வொரு தடவையும் தள்ளிவைத்தவள் நான்தான். அவர்கள் காதலித்ததெல்லாம் என் கண்ணெதிரே, கதவைத் திறந்துவைத்த கூடத்தில், துக்கத்துக்கான கறுப்பு உடையில். மழை வரும்போலிருக்கிறது என்பான் அவன், ஆமாம் என்பாள் இவள், நடுவில் நான் காலுறை பின்னுவேன். அவன் செய்வதோ சாவு வீட்டார் அணிகிற துக்க நகை வேலை. ஊரில் சாவு விழுந்தால்தான் சோறு. கட்டிக்கொள்ளப்போகிறவளுக்கு வருஷா வருஷம் சட்டையில் குத்திக்கொள்ளக் கறுப்புக் கல் புரூச் கொடுக்கிற மாப்பிள்ளையை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

நாளைக்குக் கல்யாணம். என் அண்ணன், உன் ஒபதியா மாமா, மாடியில் படுத்த படுக்கை. சைலஸ் இப்போதெல்லாம் லவினியா முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, நேரே மாடிக்குப் போய் மாமாவுக்கு மாட்டுக்கறி சூப் ஊட்டுகிறான். "ஹெஸ்டர், இந்தப் பய உன் பொண்ணைக் கட்டிக்கப்போறானா, என்னையா?" என்று அண்ணன் கேட்டார். முந்தாநாள் லவினியா பொறுக்கமாட்டாமல், "நீங்க கண்ணை மூடினா எனக்கு மறுபடியும் கறுப்புத்தான் மாமா, இப்படியே கிழவியாயிடுவேன்" என்று அவரிடமே அழுதுவிட்டாள். அவர் இருமி இருமிச் சிரித்து, "அழாதடி, சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் நான் சாகலை. யார் வந்து பார்த்தாலும் சாகலை. உங்கம்மாகிட்ட சொல்லிவை" என்றாராம்.

இன்று காலை சூப்போடு போனேன். அண்ணன் குளிர்ந்து கிடந்தார். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிப்போய் மீன்படகு காட்டியவர். வாய்விட்டு அழக்கூட முடியவில்லை. உடல் நாளை வரை தாங்கவேண்டுமே என்று கணப்பை அணைத்தேன். சாவு விழுந்த வீட்டில் இழுத்து மூடுகிற சன்னல் திரையை மட்டும் இழுக்கவில்லை, இழுத்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். சூப்பை நானே குடித்துவிட்டுக் காலிக் கிண்ணத்தோடு இறங்கினேன். "மாமா எப்படி இருக்காரு?" என்று சைலஸ் நடுங்கினான். "நிம்மதியா தூங்கறாரு, மேலே போகாதே" என்று சொல்லி, அவனையும் லவினியாவையும் கூடத்தில் விட்டு, முதல் தடவையாகக் கதவைச் சாத்திவிட்டு அடுக்களைக்கு வந்து இதை எழுதுகிறேன். உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்கிறது.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. துக்கம் விசாரித்து எழுதுவாய் அல்லவா, அப்போது மறந்துவிடாதே: மாமா போனது சனிக்கிழமை மத்தியானம்.

உன் அம்மா,
ஹெஸ்டர்