மாமனார் பெல்ட்டும் லாரி பிரேக்கும்

சலோமி,

நேத்து லாரி நிக்காம எதிர்வீட்டு வைக்கோல் போர்ல ஏறினதுலேர்ந்து நீ எங்கூட பேசல. உன் கோவம் நியாயந்தான். பக்கத்துல உக்காந்திருந்தது உங்கப்பா ஆச்சே.

விடியக்காத்தால பிரேக்கைச் சரி பண்ணிட்டேன். தேஞ்ச பட்டையை எடுத்துட்டு நல்ல எருமைத் தோல் வெச்சு ஆணி அடிச்சேன். தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பாத்தேன், கெட்டியாப் புடிக்குது. சூடானா மட்டும் கறி வறுக்கிற வாசனை. ஊர் நாயெல்லாம் பின்னாலயே ஓடியாருது. போவட்டும், ஹாரன் வேலை மிச்சம்.

உங்கப்பா எழுந்து பெல்ட்டைத் தேடுவாரு. கொடியில கயிறு போட்டிருக்கேன், கட்டிக்கச் சொல்லு. கேட்டா, பெல்ட்டு மாப்பிள்ளை உயிரைக் காப்பாத்தப் போயிருக்குன்னு சொல்லு. அவருக்குக் கூழ் கரைச்சு வெச்சிருக்கேன்.

தோல் லோடு ஏத்திக்குனு பேரணாம்பட்டு போறேன். சாயங்காலம் நாய் குலைக்கிற சத்தம் கேட்டா வாசல் கட்டிலை உள்ள இழுத்துடு. வண்டி நம்ம வாசல்ல நின்னுட்டா நீ எங்கூட பேசணும். நிக்கலன்னா சோத்தைக் கட்டிக்குனு நாய்ங்க பின்னாலயே வா.

ராயப்பன்

சொல்ல மறந்துட்டேன். பெல்ட்டு ஒரு சக்கரத்துக்குத்தான் பத்துச்சு. பிரேக் போட்டா வண்டி ஒரு பக்கமா இழுக்குது, அதே வைக்கோல் போர் பக்கம். இன்னொரு சக்கரத்துக்கு உங்கப்பா தோல் செருப்பையும் எடுத்து வை.