மூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கம்

மருமகள் இன்று காலை உன் புத்தகத்தின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டாள். நான் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாளாம். "வெறும் தாள்தானே அத்தை, ஒரு எழுத்துகூட இல்லையே" என்றாள் பாவம். அவளைச் சொல்லி என்ன பயன்? இதே தப்பை அவளைவிடப் பெரிதாகச் செய்தவள் நான். அதைப் பற்றி உன்னோடு ஒரு நாளும் உட்கார்ந்து பேசவில்லை. என் பார்வை போய்விட்டதால் நான் சொல்லச் சொல்ல, திட்டு வாங்கிய அவளே இதை எழுதுகிறாள். "ஒரு இடத்துல நின்னு சொல்லுங்க அத்தை, பாதி காதுல விழல" என்கிறாள். எங்கே நிற்பது! இந்தக் கூடத்தை எத்தனை சுற்று சுற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மலாக்காவில், காஜா பெராங் தெருவில் கண் தெரியாதவர்களுக்கென்று இருந்த அந்த நூலகம், மொத்தமே ஓர் அறைதான். அதை நடத்திவந்த வெள்ளைக்காரம்மாவை ஜப்பான்காரன் முகாமுக்குக் கொண்டுபோன பிறகு நாம் இரண்டு பேர்தான் மிச்சம். எந்தப் புத்தகம் யார் வீட்டுக்குப் போயிருக்கிறது என்று அட்டையில் எழுதுவதும், சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்து வாங்கி வருவதும் என் வேலை. பிறவியிலேயே பார்வை இல்லாத நீ, திரும்பி வந்ததைப் பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்து, தாளில் மேடாக நிற்கும் பிரெயில் புள்ளிகளில் தேய்ந்தவற்றைக் குத்தூசியால் மறுபடி எழுப்பிவிடுவாய். இருவருக்கும் ஒரே வயது. உன்னால் நாளெல்லாம் அசையாமல் உட்கார முடியும். என்னால் முடியாது. "நீ நடக்கிற சத்தத்துக்கே எனக்குக் கால் வலிக்குதுடி" என்பாய்.

முதல் நாளே சொன்னாய்: "புத்தகம் நிக்கணும். படுக்க வச்சா புள்ளி செத்துப்போயிடும்." நான் சரி சரி என்று தலையாட்டினேன். முதுகில் மையால் எழுதிய பெயரும் எண்ணும் எனக்குப் போதும். புள்ளி எழுத்தில் ஒன்றைக்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ள ஓரிடத்தில் உட்கார வேண்டுமே.

தெங்கேராவில் இருந்தாரே ஒரு பெரியவர், துறைமுகத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து பார்வை போனவர், அவரை உனக்கு நினைவிருக்கும். அவருடைய ஒரே மகனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் படித்துக்கொண்டிருந்ததோ, கப்பலேறிப் போய்க் காணாமல்போன தம்பிக்காக ஓர் அக்கா காத்திருக்கும் கதை. மூன்று பாகம். இரண்டை முடித்துவிட்டார். மூன்றாவது குருபோங்கில் வேறொருவரிடம் இருந்தது. நான் போகும்போதெல்லாம், "தம்பி வந்தானா இல்லையா, அத மட்டும் சொல்லு தாயி" என்பார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல! உன்னிடம் வந்து கேட்டால், "விரலால அவரே தெரிஞ்சுக்கட்டும்" என்றுவிடுவாய்.

ஒரு வழியாக மூன்றாம் பாகம் திரும்பி வந்த வாரம் நீ காய்ச்சலில் படுத்தாய். அந்த வாரம்தான் வீடு வீடாகச் சோதனை என்று பேச்சு வந்தது. எதிர்க் கடைக்காரர் உள்ளே வந்து, ஒரு புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பதறினார். "என்னம்மா இது, வெறும் மேடும் பள்ளமுமா? ரகசிய எழுத்துன்னு சொல்லித் தலைய எடுத்துருவான்!" அதற்குமேல் எனக்கு நிலைகொள்ளவில்லை. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்ப் பின்னறையில் படுக்கையாக அடுக்கி, மேலே மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளை ஏற்றிவைத்தேன். கடைசியாக வந்த மூன்றாம் பாகம்தான் முதலில் கைக்குக் கிடைத்தது. அதனால் அதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் போனது.

ஜப்பான்காரன் வந்தான். பின்னறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு வாரம் கழித்து நீ வந்தாய். நான் பெருமையாக, "எல்லாத்தையும் காப்பாத்திட்டேன்டி" என்றேன். நீ மூன்றாம் பாகத்தை மடியில் வைத்துத் தடவினாய். கிழங்கின் ஈரமும் மூட்டையின் கனமும் சேர்ந்து தாளை வழவழப்பாக்கியிருந்தன. உன் விரல் அங்கங்கே நின்றது, திரும்பப் போனது, மறுபடியும் நின்றது. "காகிதத்தத்தான் காப்பாத்தியிருக்க" என்றாய். மூன்று நாள் என்னிடம் பேசவே இல்லை. நீ என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நாலாம் நாள் குத்தூசியை எடுத்தாய். தாளின் பின்பக்கத்திலிருந்து, வலமிருந்து இடமாக, அரைகுறையாக மிஞ்சியிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகக் குத்தி எழுப்பினாய். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கடைசி ஐந்து பக்கத்தில் எதுவுமே மிஞ்சவில்லை. "கதை ஞாபகம் இருக்குதானே?" என்றேன். "பாதி இருக்கு. மீதிய நானே எழுதிக்கிறேன்" என்றாய். என்ன எழுதினாய் என்று கேட்டதற்கு, "கண்ணிருக்குல்ல, பாத்துக்க" என்றாய். கோபம் தீரவில்லை என்றுதான் நினைத்தேன். மன்னித்துவிடு என்று கேட்க நினைத்தேன். சொல்லப் பயந்து, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தெங்கேராவுக்கு நடந்தேன்.

திரும்ப வாங்கப் போனபோது பெரியவர் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார். "தம்பி வந்துட்டான் தாயி! ஆனா அவனுக்குப் பின்னால ஒரு பொண்ணு வந்து வாசல்ல நிக்கிறாளே, யாரு அவ? முன்னால எங்கயும் வரலையே?" இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டுமே என்ற தவிப்பில், "எனக்கென்னய்யா தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னிடமும் சொல்லவில்லை.

அடுத்து வந்த மலேரியாக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. கொயினா மாத்திரைக்காக மலாக்கா முழுவதும் அலைந்தேன், கிடைக்கவில்லை. ஜப்பான்காரன் போன பிறகும் பெரியவரின் மகன் வரவில்லை. நூலகத்தை மூடியபோது இந்த ஒரு பாகத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இத்தனை வருஷமும் அதை நிற்க வைத்தே காப்பாற்றினேன். இரண்டு வருஷத்துக்கு முன் கண் மங்கியதும் புள்ளி எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். உன் காலத்துப் புள்ளிகளும் இப்போது சொல்லித் தருவதும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது. நேற்றுதான் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். அதை அலமாரியில் எடுத்து வைக்க மனமில்லாமல் மேசைமேல் விட்டதால்தான் காலையில் அந்தக் கலவரம்.

தம்பி வீடு திரும்புகிறான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண் வாசலில் வந்து நிற்கிறாள். நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைக்கிறாள். எல்லாம் என்னால் கெட்டது என்கிறாள். அதற்கு அந்த அக்கா சொல்கிறாள்: "பயத்தில் செய்தாய். எனக்குத் தெரியும். உள்ளே வந்து உட்கார்."

இருபது வயதில் சொல்லியிருக்கிறாய். எனக்கு இப்போதுதான் கேட்கிறது.

மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். இதோ, உட்கார்ந்துவிட்டேன்டி.