அண்ணையின் காலில் என் செருப்பு

ஐயா,

இன்றைக்கு லூயிஷாம் சந்தையில் நனைந்த கம்பளிக் கோட்டின் மணம் மூக்கில் ஏறியது. நீங்கள்தான் என்று திரும்பிப் பார்த்தேன். வேறு யாரோ. நீங்கள் செத்துப்போய் இரண்டு மாரி கழிந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அதே மணத்தோடுதான் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டு வாசலில் முதல் நாள் நின்றீர்கள். அயர்லாந்துக்காரர், ஊர் ஊராய்ச் சண்டை பார்த்துப் பேப்பருக்கு எழுதியவர், அதை விட்டுவிட்டு எங்கள் யுத்தத்தின் வரலாற்றை எழுத வந்தவர். நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டு ஒருவன் பழங்கதை கேட்டு அலைவானா? உளவாளி என்றே முடிவு கட்டினேன். ஆனாலும் கதை சொல்லாமல் இருக்க என்னால் ஏலுமா? ஷெல்லடிக்குள் லொறி ஓட்டினேன், ஹெலிகொப்டரையே ஏமாற்றினேன் என்று என் இங்கிலீசில் வெளுத்து வாங்கினேன். நீங்கள் தலையாட்டினீர்கள், பேனை அசையவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அயலவரை எல்லாம் பங்கருக்குள் இறக்கிவிட்டு, தான் இறங்கமுன் ஷெல் பட்டுச் செத்த என் அண்ணை உங்கள் புத்தகத்தில் வரவேண்டும். வேறு எங்கும் அவர் பெயர் இல்லை.

அந்தக் கதையை மட்டும் வரும்போதெல்லாம் திரும்பக் கேட்டீர்கள். நானும் ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். அகதி விசாரணையில் ஒரு சொல் மாறினாலும் பொய்யன் என்று எழுதிவிடுவார்கள். அப்படிப் பழகிய வாய். நீங்களோ, "பாடமாக்கியது போல இருக்கிறதே" என்றீர்கள்.

எனக்கு வந்ததே கோபம். "அப்ப நீங்களும் விசாரணைக்காரர்தானே?"

தேத்தண்ணியோடு வந்த என் மனைவி குறுக்கே விழுந்தாள்: "இஞ்சை பாருங்கோ ஐயா, இந்த மனுசன் மீன் வாங்கப் போன கதையையே பத்து விதமாச் சொல்லும். அண்ணையின்ரை கதையிலை மட்டும் கை வைக்காது."

நீங்கள் சிரிக்கவில்லை. "விசாரணையில் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா?" என்றீர்கள்.

அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"செருப்பு," என்றேன். "அவசரத்திலை மாறிப் போட்டிட்டார். இடது கால் தன்ரை, வலது கால் என்ரை. சொன்னால் ஆர் நம்புவினம் எண்டு விட்டிட்டன்."

பேனை ஓடத் தொடங்கியது.

புத்தகத்தில் அண்ணை ஒரே ஒரு வரியில் நிற்கிறார், பெயரோடும் என் செருப்போடும். அரைவாசிப் புத்தகம் நான் சொன்னதுதான் என்று நகரத்தின் மறுகோடி ஹவுன்ஸ்லோ வரை பரப்பியிருக்கிறேன். மறுக்க நீங்கள் இல்லை. லொறியைச் சேர்க்காததில் இன்னும் மனத்தாங்கல். உளவாளி என்ற சந்தேகமும் முழுதாகப் போகவில்லை; இவ்வளவு துருவிக் கேட்கிறவர் வேறு யாராம்? ஆனால் அண்ணையைப் பற்றி யாரும் கேட்டால், விசாரணைக்குச் சொன்னதை இப்போது நான் சொல்வதில்லை. வலது காலில் இருந்து தொடங்குகிறேன்.