மூன்றாவது கிளாஸ்

தம்பி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பர்பன் விஸ்கியை இன்று மாலை திறந்தேன். தக்கையை எடுத்ததுமே கமர்கட்டு வாசனை. லேபிளில் வனிலா, ஓக் மரம் என்று என்னென்னவோ அச்சடித்திருந்தார்கள். நீ இருந்திருந்தால் பாட்டிலைத் திருப்பி வைத்துவிட்டு, "மொதல்ல மூக்கு, அப்புறம் கண்ணு" என்றிருப்பாய்.

ஹைதராபாத் மல்காஜ்கிரியில் உன் வீட்டு பால்கனி. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரிகளான நாம், கணவன்மாரைக் கிரிக்கெட்டோடு விட்டுவிட்டு உட்கார்ந்த சனிக்கிழமைப் பிற்பகல்கள். பர்பன் எல்லாமே மக்காச்சோளத்தில் பிறந்ததுதான்; கூடச் சேரும் தானியம்தான் குணத்தை மாற்றுகிறது என்று மெல்லப் பிடிபட்டது. ரை தானியம் தூக்கலாக இருந்தால் மிளகு ரசம்போலத் தொண்டையைச் சுண்டும். கோதுமை சேர்ந்தால் அல்வாவாக வழுக்கிப்போகும். ஆரம்பத்தில் மிளகாய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே குடித்துவிட்டு, எல்லாவற்றையும் ரை என்று தீர்ப்புச் சொன்னவர்கள் நாம்!

பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் அப்படியே அடைத்த ஒன்றை முகர்ந்துவிட்டு, அந்த ஊர் உருது கலந்த உன் தமிழில் சொன்னாய்: "நக்கோடி, வேணாம், இது என் மாமியார். நாலு சொட்டு தண்ணி விட்டாத்தான் நல்லாப் பேசும்." விட்டோம். பேசியது.

பிறகு எனக்குக் கொரோனா வந்தது. காய்ச்சல் போயிற்று, வாசனை திரும்பவில்லை. மாதக்கணக்கில் சாப்பாடு காகிதமாக இருந்தது. இனி வரவே வராதோ என்ற பயத்தை உன்னிடம் மட்டும் சொன்னேன்.

"கைக்கு, எதுக்குடி பயப்படுறே? மோந்துட்டே இரு, மூக்கு வழிக்கு வரும்" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளாஸை நீட்டினாய். வெறும் காரம் மட்டும் மூக்கில் ஏறும்.

ஒருநாள், "கமர்கட்டு!" என்று கத்தினேன்.

"ஆசையில சொல்றியா, நெசமா வருதா?"

எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. நீ உள்ளே போய் மூன்று கிளாஸ்களோடு வந்தாய். மூன்றிலும் ஒரே செம்பழுப்பு.

முதலாவதை முகர்ந்தேன். "மிளகு. ரை." இரண்டாவது? "அல்வா. கோதுமை." உன் முகம் எதையும் காட்டவில்லை. மூன்றாவதைத் தூக்கினேன். மறுபடியும் முகர்ந்தேன்.

"அடிப்பாவி! இது டீத்தண்ணிடி!"

"ஹவ், ஆமா! காலைல மிஞ்சினது!" நாற்காலியிலிருந்து சரியும் அளவுக்குச் சிரித்தாய். ஆசை பேசியிருந்தால் அதற்கும் ஏதாவது ஒரு விஸ்கிப் பெயர் சொல்லியிருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையில் குட்டினாய். "வந்துருச்சு போ. இப்பக் குடி."

நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. காலையில் கடுகு வெடிக்கும்போதும் மல்லித்தழை கிள்ளும்போதும் நின்று முகர்ந்து, பெயரை உரக்கச் சொல்கிறேன்.

"ஹூ ஆர் யூ டாக்கிங் டு, மம்மி?" என்கிறாள் மகள்.

"நெசமாத்தான் வருதுன்னு ஒருத்திகிட்ட சொல்லிட்டிருக்கேன்" என்கிறேன்.